எருக்கம்பூவும் டென்னிஸ் மட்டையும்

சட்டப்படி பார்த்தால் நான் எந்த மதத்தையும் விட்டு வெளியேறவில்லை. ஆரோவில் நிர்வாகத்தை மத்திய அரசு 1980-இல் தன் கைக்கு எடுத்துக்கொண்டது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1982 நவம்பரில் வந்த தீர்ப்பில், ஸ்ரீ அரவிந்தரின் போதனை மதம் அல்ல, தத்துவம் என்று ஐவர் அமர்வின் பெரும்பான்மை சொல்லிவிட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகாமல் தனியாக எழுதினார். அந்த ஐந்து பேரும் ஏதாவது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தால், மற்ற நால்வரும் சின்னப்ப ரெட்டி பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கூடத்தின் கிழக்குச் சுவரில் அன்னை. பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக, அரவிந்தர். ஆசிரமத்து ஊதுபத்தி. பலகையில் பன்னிரண்டு இதழ்ச் சின்னம் வரைந்து, அதன் மேல் அன்றன்றைய பூக்கள். எதிரே பாய் விரித்து இருபது இருபத்தைந்து பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளின் பரீட்சை, மாப்பிள்ளையின் வேலை மாறுதல், விற்காத மனை எல்லாம் அந்த மௌனத்துக்குள்ளே வரிசையில் நிற்கும். யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். கேட்காமல் சமர்ப்பணம் செய்ய வேண்டும் என்பது விதி.

அன்னையின் இயற்பெயர் மிர்ரா அல்ஃபாசா. 1878 பிப்ரவரி 21 பாரிஸில் பிறந்தவர். இந்த இரண்டு செய்திகளும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் பிப்ரவரி 21 தரிசன நாள். அதற்குப் பிறகு எங்கள் கதையில் ஒரு பெரிய தாண்டல். பாரிஸில் பிறந்தார், புதுச்சேரிக்கு வந்தார், அரவிந்தரைக் கண்டார், அன்னையானார். நடுவில் இருந்த முப்பத்தாறு வருஷத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. சாமிக்கு ஏது பூர்வீகம்?

அம்மாவை இதில் சேர்த்தது திண்டிவனம். எனக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாக நான் வயிற்றில் இருந்தபோது, திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த டீச்சரம்மா ஒருவர் அம்மாவின் கையில் ஒரு பிளெஸ்ஸிங் பாக்கெட்டை வைத்தார். ஆசிரமத்திலிருந்து வரும் சின்னக் காகித உறை அது. உள்ளே காய்ந்த பூவிதழ்கள் இருக்கும். பிரசவ வார்டில் அது தலையணைக்கு அடியில் இருந்ததாம். நான் பிறந்தேன், தங்கினேன். பிறகு கூட்டு தியானத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னை எழுந்து நிற்கச் சொல்வார்கள். நின்று, சிரித்து, உட்கார வேண்டும். அற்புதம் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கூட்டத்துக்குக் கைவசம் இருந்த சாட்சி நான்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம்பிக்கை இல்லாமல் போவது வேறு, சாட்சிக் கூண்டிலிருந்து இறங்குவது வேறு.

ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, இந்த வழிபாட்டில் ஒட்டுதல் கிடையாது. அவள் வடலூர்க்காரி. தைப்பூசத்துக்கு ஏழு திரை நீக்கி ஜோதி பார்த்துவிட்டு வருவாள். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் மாறும். மேட்டுக்குப்பத்தில் 1874 ஜனவரியில் அறைக்குள் போனவர் ஜோதியாகிவிட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "உங்க அன்னைக்குச் சமாதி இருக்குதுல்ல? எங்க ஐயாவுக்கு இல்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அம்மா பதில் சொல்ல மாட்டாள். ஆனால் ஆயா வள்ளலாரிடம் எதுவும் கேட்டதில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றினால் சரி என்கிற அளவில் அவள் கணக்கு முடிந்துவிடும். இது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

மாமியார் மருமகள் சண்டை வெடித்தது பூவில்தான். அன்னை நூற்றுக்கணக்கான பூக்களுக்கு ஆன்மிகப் பெயர் கொடுத்திருக்கிறார். துளசி பக்தி. மல்லிகை தூய்மை. காகிதப்பூ பாதுகாப்பு, அதனால்தான் அன்னை அன்பர் வீடென்றால் வாசலில் காகிதப்பூக் கொடி இருக்கும். வேப்பம்பூ ஆன்மிகச் சூழல். எருக்கம்பூ தைரியம். அம்மா ஒரு நாள் ரயில்வே லைன் ஓரமாகப் போய் எருக்கம்பூவைக் கை நிறையப் பறித்துவந்து கூடத்தில் வைத்துவிட்டாள். "குடி கெட்ட வீட்டுலதான்டி எருக்கு பூக்கும்! பிள்ளையாருக்குன்னாலும் வெளியிலயே போட்டுட்டு வருவோம். நடுவூட்டுல கொண்டாந்து வெக்கிறியே!" என்று ஆயா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா பூவை எடுக்கவில்லை. எருக்குக்கு அன்னை வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று நான் ஒப்புக்கொண்டது அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான்.

தரிசன நாளில் புதுச்சேரிக்குப் பாசஞ்சர் ரயில். மீட்டர் கேஜ் காலம். வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் என்று நின்று நின்று போகும். ஆசிரமத்தில் அன்னையின் அறையைத் திறந்து விடுவார்கள், அதற்கு நீண்ட வரிசை. பிறகு சமாதி. மேலே நிழல் விரித்த பெரிய மரத்திலிருந்து மஞ்சள் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும், அந்தப் பூவுக்கு அன்னை வைத்த பெயர் சேவை. பளிங்கில் நெற்றியை வைத்தால் கோடையிலும் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சியை நான் சக்தி என்று நம்பினேன். இப்போதும் அந்த இடம் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு அமைதியைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அப்பா உள்ளே வர மாட்டார். காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் 1965-இல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளிநடப்புச் செய்த தலைமுறை. அந்த வருஷம் பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புக் கலவரத்தின்போது புதுச்சேரியில் ஆசிரமக் கட்டடங்கள் தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டது. அப்பாவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, விழுப்புரத்தில் கோஷம் போட்டதோடு சரி. ஆனாலும் அந்த வாசலில் நுழைவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதை அவர் கொள்கை என்று சொல்லிக்கொண்டார்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ், மறுபடி டயாலிசிஸ், ஒரு கட்டத்தில் டாக்டர்களே எங்களிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். தலையணைக்கு அடியில் அதே பாக்கெட், என் பிறப்புக்கு வந்ததே அதேதான், ஓரம் பிசிறிப்போய். 2002-இல் போய்விட்டாள். காரியத்துக்கு வந்த தியானக் குழுப் பெண்மணி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறுதல் என்று நினைத்துத்தான், சொன்னார்: "ஏற்புத்திறன் கொறைஞ்சிருக்கும்மா. மனசுல எங்கியோ ஒரு சின்னப் பொய் இருந்திருக்கும். இல்லன்னா அன்னை கைவிட மாட்டாங்க."

அம்மா சொன்ன பொய்களை அன்றிரவு ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். புடவை விலையை அப்பாவிடம் குறைத்துச் சொல்வாள். என் மார்க்கை ஆயாவிடம் கூட்டிச் சொல்வாள். ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். இவற்றில் எது சிறுநீரகத்துக்குப் போயிற்று?

அதோடு கூட்டு தியானத்துக்குப் போவது நின்றது. யாரும் சண்டை போடவில்லை. ஒருத்தி வராமல் போனால் அங்கே கேட்க மாட்டார்கள், அவளுக்காக மௌனமாகச் சமர்ப்பணம் செய்வார்கள். அது இன்னும் எரிச்சல். இதில் விசித்திரம் என்னவென்றால், நம்பிக்கை போனது மனசிலிருந்துதான், உடம்பிலிருந்து அல்ல. பழைய பேப்பர் கட்டில் அன்னை படம் போட்ட காலண்டர் ஒன்று காலில் பட்டுவிட்டது. என் கை தானாக நீண்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கோபமும் அப்படித்தான் இருந்தது. இல்லாத ஒருவர் மேல் இவ்வளவு கோபப்பட முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். படத்தில் இருந்த அந்தச் சிரிப்பைப் பார்த்து, சின்னப் பிள்ளை தாயிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதுபோல, பல வருஷம் பேசாமல் இருந்தேன்.

இந்த முடிச்சை அவிழ்த்தது சித்தி. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் அடி தாங்காமல் வந்துவிட்டவள். அம்மா இருந்தபோதே நடந்தது இது. எங்கள் வீட்டு வியாழக்கிழமைப் பெண்கள், புருஷனோடு சுமுகமாவதற்கு என்னென்ன பூ வைக்க வேண்டும் என்று சித்திக்குப் பட்டியல் கொடுத்தார்கள். அதே பெண்கள் பெரியம்மா மகளின் வளைகாப்பில் சந்தனம் பூச வரிசை வந்தபோது அவளைப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னார்கள். சித்தி ஒன்றும் பேசவில்லை. பட்டியலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை வாராவாரம் எருக்கம்பூ மட்டுமே கொண்டுவந்து வைத்தாள். அம்மாவுக்கு மட்டும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் விழுப்புரத்தில் வேறு பூ கிடைக்காத மாதிரி பார்த்தார்கள்.

பிறகு சித்தி ஆரோவில்லில் துணி தைக்கும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். திண்டிவனத்தில் பஸ் ஏறி, கிளியனூர் தாண்டி, மொரட்டாண்டியில் இறங்கி, அங்கிருந்து சைக்கிள். 1968 பிப்ரவரி 28-இல் 124 நாட்டு மண்ணைப் பளிங்குத் தாழியில் போட்டுத் தொடங்கிய நகரம் அது. தொண்ணூறு வயது அன்னை அங்கே வரவில்லை. புதுச்சேரியில் தன் அறையிலிருந்தே சாசனத்தைப் படித்தார், வானொலி வழியாக அது அந்தச் செம்மண் பொட்டலில் கேட்டது. யாருக்கும் சொந்தமில்லாத நகரம் என்று அதில் சொல்லியிருக்கிறதாம். சுற்றிலும் இருக்கிற இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், ஆலங்குப்பம் ஆட்களில் பலர் அங்கே கூலிக்குப் போகிறவர்கள். இதைப் பற்றி நான் பெரிதாக ஏதாவது பேச ஆரம்பித்தால் சித்தி வெட்டிவிடுவாள்: "சம்பளம் ஒண்ணாந்தேதி வருது. மீதிய நீ எழுதிக்கோ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே கேட்டாள்: "ஏண்டி, உங்கம்மா சாமிக்கு ரெண்டு கல்யாணம். ஒரு பையன் வேற. உனக்குத் தெரியுமா?"

கூட வேலை செய்கிற பிரெஞ்சுக்கார அம்மா, மத்தியானச் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் சொன்னாளாம். அங்கே அது ரகசியமே இல்லை.

ஜார்ஜ் வான் வ்ரெக்கம் என்ற பெல்ஜியக்காரர், ஆரோவில்லில் வாழ்ந்தவர், அன்னையின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் பெரிய புத்தகமாக எழுதியிருக்கிறார். சித்திதான் யாரிடமோ இரவல் வாங்கி வந்தாள். எங்கள் கூடத்துக் கதை தாண்டிப்போன முப்பத்தாறு வருஷமும் அதில் இருந்தது. அப்பா துருக்கியர், அம்மா எகிப்திலிருந்து வந்தவர். மிர்ரா ஓவியம் படித்தார். 1897-இல் ஆன்ரி மொரிஸே என்ற ஓவியரைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஆந்திரே என்ற மகன். 1908-இல் விவாகரத்து. 1911-இல் பால் ரிஷாரோடு இரண்டாம் திருமணம். இடையில் அல்ஜீரியாவில் திலெம்சென் என்ற ஊரில் மாக்ஸ் தியோன் என்பவரிடம் மாந்திரீகப் பயிற்சி. 1914 மார்ச் 29 புதுச்சேரிக்கு முதல் முறை வந்ததும் தவம் செய்ய மட்டுமல்ல. பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு இந்தியப் பகுதியிலிருந்து போகும் ஓர் இடத்துக்குக் கணவர் ரிஷார் போட்டியிட்டார், தோற்றார். இதை நான் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "எலக்ஷனுக்கு வந்தவங்களா! இத உங்கம்மா மொதல்லயே சொல்லியிருந்தா நான் உள்ள வந்திருப்பனே" என்றார்.

போருக்கு நடுவே பிரான்ஸ், பிறகு ஜப்பான், 1920 ஏப்ரல் 24 மறுபடி புதுச்சேரி. ரிஷார் போய்விட்டார், மிர்ரா தங்கிவிட்டார். மகன் ஆந்திரே, நீண்ட காலம் கழித்து, 1949-இல்தான் புதுச்சேரிக்கு வந்து தாயைப் பார்த்தார்.

இந்தப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி, பெற்ற பிள்ளையைத் தூர தேசத்தில் விட்டுவந்த ஒருத்தியிடம் ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்காக வேண்டியிருக்கிறாள். அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் வெறுத்திருப்பாளா? எனக்கென்னவோ, தெரிந்திருந்தால் அன்னையோடு முதல் தடவையாக வாய் திறந்து பேசியிருப்பாள் என்று தோன்றுகிறது. ஏன் விட்டுட்டு வந்தீங்க என்று கேட்டிருப்பாள். அது சமர்ப்பணத்தைவிட நல்ல பேச்சாக இருந்திருக்கும்.

இன்னும் இருந்தது. ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பரில் தொடங்கியது. அங்கே நாற்பதுகளிலேயே பெண்பிள்ளைகளை அரைக்கால் சட்டை போட்டு மைதானத்தில் ஓடவிட்டார் அன்னை. எங்கள் கூடத்தில் தாவணி முந்தானையைச் சரியாகச் செருகாததற்கு நான் வாங்கிய திட்டெல்லாம் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாங்கியவை. அவரோ எண்பது வயது வரைக்கும் தினசரி டென்னிஸ் ஆடியிருக்கிறார்.

அமெரிக்காவில் மார்மன் சபையை விட்டு வந்தவர்கள் எழுதிய நினைவுகள் சிலவற்றைப் பிறகு படித்தேன். அவர்களுடைய சபையே 2014-இல், நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்கு நாற்பது மனைவியர் வரை இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒரே மனைவியோடு வாழ்ந்த உத்தமர் என்று ஞாயிற்றுப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்களுக்கு அது இடி. எங்களிடம் மறைத்துவிட்டார்களே என்பதுதான் அந்த எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிற குமுறல். எனக்கு அந்தக் குமுறல் வரவில்லை. என்னிடம் மறைத்தது ஆசிரமம் அல்ல. தன் இரண்டு கல்யாணத்தையும் மகனையும் அன்னை எங்கும் ஒளித்ததாகத் தெரியவில்லை. மறைத்தது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருந்த நாங்கள். பாரிஸில் விவாகரத்து வாங்கிய பெண்ணை எங்கள் கூடத்தில் அப்படியே உட்காரவைக்க முடியாது. உட்காரவைத்தால் சித்தியை முன்வரிசைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும்.

அப்பா தொழிலால் போட்டோகிராபர். ரயிலடி பக்கம் ஸ்டுடியோ. கலர் வருவதற்கு முன்பு அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நெகட்டிவ் டச்சிங். சாய்மேசையில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, நெகட்டிவின் மேல் மெல்லிசாக மருந்து தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார். அம்மைத் தழும்பின் பள்ளம் பிரிண்ட்டில் கருப்பாக விழும், அதாவது நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அங்கே பென்சில் போட்டால் பிரிண்ட்டில் பள்ளம் தூர்ந்துபோகும். கல்யாணப் பெண்களுக்கு அதைச் செய்வார். இறந்தவர்களுக்குக் கண் திறப்பார். மூடிய இமைமேல் கருவிழி வரைந்து, சட்டம் போட்டு, மாலை மாட்டக் கொடுப்பார். வந்து வாங்கிப் போகிறவர்கள் அதைப் பார்த்து, உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கு என்று அழுவார்கள்.

2008-இல் பீட்டர் ஹீஸ் என்ற அமெரிக்கர், ஆசிரம ஆவணக் காப்பகத்தில் பல ஆண்டு வேலை செய்தவர், அரவிந்தரின் வாழ்க்கை வரலாற்றைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் மூலம் கொண்டுவந்தார். பக்தர்கள் கொதித்தார்கள். ஒடிசாவில் வழக்குப் போட்டு இந்தியப் பதிப்பை நிறுத்தினார்கள். அவரை ஆசிரமத்தைவிட்டு வெளியேற்றச் சொன்னார்கள். 2012-இல் அவர் விசா வரைக்கும் பிரச்சினை போய், கடைசியில் நீட்டிப்புக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தோழி ஒருத்தி எனக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதன் முன்னுரையிலேயே ஹீஸ் போட்டோவைப் பற்றித்தான் பேசுகிறார். பக்தர்கள் விரும்புவது டச்சிங் செய்து வழவழப்பாக்கிய அரவிந்தர் படம், ஆனால் தனக்குப் பிடித்தது தழும்பும் கருமையும் அப்படியே தெரிகிற டச்சிங் இல்லாத படம் என்கிறார். அதைப் படித்ததும் புத்தகத்தோடு அப்பாவிடம் ஓடினேன்.

நான் அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளி, படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஆள் யார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "டச்சிங் பண்ணவன் நல்லா பண்ணியிருக்கான். கன்னத்துல கோடு தெரியல" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "கஸ்டமர் கேட்டாத்தான் பண்ணுவோம். நாங்களா எவன் மூஞ்சியிலயும் கை வெக்க மாட்டோம்" என்றார். பிறகு பேச்சைப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோனுக்குக் கொண்டுபோய்விட்டார். 1950 ஏப்ரலில், அரவிந்தர் இறப்பதற்கு ஏழெட்டு மாதம் முன்பு, அந்த மனிதர் புதுச்சேரிக்கு வந்து எடுத்த படங்கள்தான் படங்கள், ஒரு இடத்திலும் பென்சில் படவில்லை, கிழவர் கிழவராகவே உட்கார்ந்திருக்கிறார் பார் என்று அரைமணி நேரம். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அவர் சொன்ன அந்தக் கஸ்டமர்தான். அன்னைக்கு டச்சிங் கேட்ட கஸ்டமர் யார் யார் என்று எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். அவர்களில் என் அம்மாவும் உண்டு.

ஏற்புத்திறன் விஷயத்துக்கும் எனக்குப் பதில் கிடைத்தது, அதுவும் அன்னையிடமிருந்தே. கடைசிக் காலத்தில் தன் உடம்பையே மாற்றும் முயற்சியில் இருந்ததாக அவர் சத்பிரேம் என்ற சீடரிடம் பேசிவந்தார். அது ‘அஜெண்டா’ என்று பதிமூன்று தொகுதியாக வந்திருக்கிறது. முழுதாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன், பல இடங்களில் எனக்குப் பொறுமை இல்லை. 1956 பிப்ரவரி 29-இல் பூமியில் புதிய சக்தி இறங்கியது என்பது போன்றவற்றை நான் நம்பவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு வயதான பெண் வலிக்கிறது என்கிறாள், தூக்கமில்லை என்கிறாள், இது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை என்கிறாள். வேறு வேலையே இல்லாமல் அதே வேலையாக இருந்த அவரும் 1973 நவம்பர் 17 இரவு, 95 வயதில், இறந்துதான் போனார். அவர் மனசில் எந்தச் சின்னப் பொய் இருந்தது என்று அந்தத் தியானக் குழுப் பெண்மணியிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. போகவில்லை. அதற்குள் அந்தம்மாவுக்கே டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குப் போனபோது நான் கேட்டது, கிரியாட்டினின் எவ்வளவு என்று மட்டும்.

கோபம் அந்தச் சமயத்தில்தான் போயிற்று. பக்தி ஏற்கெனவே போயிருந்தது. இரண்டும் போன பிறகு மிச்சம் என்ன என்று பார்த்தால், பிடிக்கவும் செய்கிற, பிடிக்காமலும் போகிற ஒரு மனுஷி. துணிச்சல்காரி, அதிகாரம் பண்ணத் தெரிந்தவர், கணக்கு வழக்கில் கறார், எருக்கம்பூவை ஒருத்தரும் சீந்தாதபோது நின்று பார்த்து அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்தவர். மகனை விட்டுவந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அரவிந்தர் எழுதியதில் பாதி எனக்கு ஏறவில்லை, ஏறாதது என் குறை என்று இப்போது நினைப்பதில்லை. கூடத்துப் படம் தம்பி வீட்டில் இருக்கிறது. தம்பி மனைவி பூ வைக்கிறாள், வைக்கட்டும். நான் போனால் படத்தின் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடிப்பேன்.

போன ஆகஸ்ட் 15 சித்தியும் நானும் புதுச்சேரி போனோம். ரயில் இப்போது பிராட் கேஜ், ஊர்கள் அதேதான். ஆசிரம வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. சித்தி அதில் நிற்கவில்லை. அவளுக்கு டென்னிஸ் ஆடின இடத்தைப் பார்க்க வேண்டுமாம். கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்து, விசாரித்து, அந்த மைதானத்தின் மதில் ஓரமாகப் போய் நின்றோம். வெயில் கொளுத்தியது. காவலாளி எங்களை வழிதவறி வந்த பக்தைகள் என்று நினைத்து, சமாதிக்கு இந்தப் பக்கம்மா என்று கை காட்டினார்.

"சமாதி தெரியும்பா. இங்கதான் ஆடினாங்களா?"

"ஆமா."

"எம்பது வயசு வரைக்கும்?"

"அப்படித்தான் சொல்றாங்க."

சித்தி எட்டி எட்டிப் பார்த்தாள். புடவையை லேசாகத் தூக்கி, தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "எனக்கு அறுபதுலயே மாடி ஏற முடியல" என்றாள். பிறகு காவலாளியிடமே கேட்டாள்: "எதிர்ல ஆடுனவங்க யாருப்பா? அவங்கள ஜெயிக்க விட்டாங்களா, இல்ல நெஜமாவே ஆடுனாங்களா?"